30-வது கிலோமீட்டரில் தண்ணீர் கொடுத்த கதை

நான் ஓடுகிறவன் இல்லை. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். நண்பன் ஒருவன் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு என்னையும் இழுத்தான், ஓடத்தான் முடியாது, வாலண்டியராகவாவது வருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். படிவம் நிரப்ப ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பிப் (ஓடுகிறவர் சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டை) விநியோகம், பை பாதுகாப்பு, பாதை மார்ஷல், தண்ணீர் நிலையம், ஃபினிஷில் மெடல் போடுவது என்று பட்டியல் இருந்தது. மெடல் வேலைதான் எல்லாருக்கும் வேண்டும்போல, நான் பார்க்கும்போதே நிரம்பிவிட்டது. தண்ணீர்தானே, கொடுத்துவிட்டுப் போகலாம் என்று அதைத் தேர்ந்தெடுத்தேன். எனக்கு விழுந்தது 30-வது கிலோமீட்டர்.

இந்த 30 என்பது என்ன இடம் என்று ஓடுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு பலருக்கு 30-லிருந்து 35 கிலோமீட்டருக்குள் தீர்ந்துபோகும், அதற்குப் பிறகு கால் சொன்ன பேச்சைக் கேட்காது. "சுவர்" என்று சொல்வது அதைத்தான். அரை மாரத்தான்காரர்கள் இவ்வளவு தூரம் வரவே மாட்டார்கள். ஆக எங்களிடம் வந்து சேரப்போகிறவர்கள் எல்லாரும் முழு மாரத்தான்காரர்கள், அதிலும் தீர்ந்துபோகும் நிலையில் இருப்பவர்கள். இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் வேறு வேலை கேட்டிருப்பேன்.

முந்தைய வாரம் ஒரு மணி நேரப் பயிற்சி வைத்தார்கள். நான் போனது கடனே என்றுதான், ஆனால் மருத்துவக் குழுவிலிருந்து வந்த டாக்டர் பேசிய பத்து நிமிடம் தூக்கத்தைக் கலைத்துவிட்டது. தண்ணீர் குடிக்காமல் விழுகிறவர்களைப் பற்றிச் சொல்வார் என்று பார்த்தால், அவர் அதிகமாகக் குடித்து விழுகிறவர்களைப் பற்றிச் சொன்னார். மணிக்கணக்கில் வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், தலைவலி, வாந்தி, குழப்பம், முற்றினால் வலிப்பு, உயிருக்கே ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தை முடிவில் சோதித்துப் பார்த்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்ததாம். அதனால் "இன்னொண்ணு குடிங்க, இன்னொண்ணு குடிங்க" என்று யாரையும் வற்புறுத்தக் கூடாது, கேட்டால் கொடுங்கள், அவ்வளவுதான் என்றார்.

இன்னொரு தடையும் போட்டார்கள். "இதோ வந்துட்டீங்க, கொஞ்ச தூரம்தான்" என்று சொல்லவே கூடாது. முழுத் தூரம் 42.195 கிலோமீட்டர், 30-ல் நிற்பவருக்கு இன்னும் 12.195 கிலோமீட்டர் இருக்கிறது. அந்த 195 மீட்டர் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வைத்த தூரத்திலிருந்து வந்து 1921-ல் நிலையானது என்ற வரலாறெல்லாம் அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியதில்லை. கேட்டால் சரியான கணக்கைச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் சும்மா இருங்கள்.

ஓட்டம் அதிகாலை 5 மணிக்கு. பாதையை மூடிவிடுவார்கள் என்பதால் நாங்கள் மூன்றரைக்கே வந்தாக வேண்டும். இருட்டில் பதினெட்டுப் பேர், ஒரே நிற டீஷர்ட்டில், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் நின்றோம். நிலையத் தலைவி ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், எல்லாருக்கும் அக்கா. பத்து வருடமாக இதே வேலையைச் செய்கிறவர். வந்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை, மேசைகளை எண்ணினார்.

கப் அடுக்குவதில் இவ்வளவு விஷயம் இருக்கிறதா என்று அன்றுதான் தெரிந்தது. மேசை முழுக்க கப்பை நெருக்கி வைத்து, பாதிக்குக் கொஞ்சம் மேலே வரை ஊற்றி, அதன்மேல் அட்டை போட்டு, அட்டைமேல் இன்னொரு அடுக்கு, அதன்மேல் இன்னொன்று. கூட்டம் வந்தபிறகு ஊற்ற நேரம் இருக்காது, அதனால்தான் மூன்று மாடி. முழுக்க ஊற்றினால் ஓடுகிறவர் எடுக்கும்போதே பாதி சட்டையில் போய்விடும், தவிர ஓடிக்கொண்டே இரண்டு மடக்குக்கு மேல் யாராலும் குடிக்க முடியாது. முன்னால் உப்புச்சத்து கலந்த இனிப்புப் பானமான எலக்ட்ரோலைட் வைத்த மேசைகள், அப்புறம் இருபது அடி இடைவெளி, அப்புறம் தண்ணீர் மேசைகள். இனிப்பைக் குடித்தவர்கள் வாயைக் கொப்பளிக்க வேண்டாமா?

நான் ஒரு கப்பை எடுத்து நீட்டிப் பார்த்தேன். அக்கா தூரத்திலிருந்தே கத்தினார்.

"தம்பி, வாயைப் பிடிக்காதீங்க! உங்க விரல் தண்ணிக்குள்ள போகுது பாருங்க. அடியில பிடிங்க. ஆள் கிட்ட வரும்போது அவர் போற திசையிலேயே கையைக் கொஞ்சம் பின்னால கொண்டு போங்க. சுவர் மாதிரி நின்னா கப் வெடிச்சிரும்."

பத்து முறை பழகினேன். ஒரு பையன் எனக்காக ஓடி ஓடி வந்து எடுத்தான், ஓட்டம் தொடங்கும் முன்பே அவன் நனைந்துவிட்டான்.

ஆறே முக்காலுக்கு நேரக் கடிகாரம் வைத்த வண்டி வந்தது, பின்னாலேயே முதல் ஆள். எங்களுக்குச் சற்று முன்னால் தரையில் டைமிங் மேட் போட்டிருந்தார்கள், பிப்பின் பின்னால் ஒட்டியிருக்கும் மெல்லிய சிப் அதைத் தாண்டும்போது பீப் என்று சத்தம் வரும். அந்த முதல் பீப்பைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது. அவர் என் கப்பைத் திரும்பியும் பார்க்கவில்லை, மேசையிலிருந்து தானாக ஒன்றை எடுத்து, விளிம்பை மூக்கு மாதிரி நசுக்கி, ஒரு மடக்கு குடித்து, மீதியைக் கழுத்தில் ஊற்றிக்கொண்டு போய்விட்டார். எல்லாம் மூன்று நொடி இருக்கும். அப்புறம் ஐந்து நிமிடம் யாருமே இல்லை.

ஏழரைக்கு மேல் ஆரம்பித்தது கூட்டம். பீப் பீப் என்று தனித்தனியாகக் கேட்டது போய் ஒரே இரைச்சலாகிவிட்டது. எல்லாரும் முதல் மேசையிலேயே வந்து மோதுகிறார்கள், கடைசி மேசைக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அக்கா என்னை ஐம்பது மீட்டர் முன்னால் அனுப்பி, "பின்னாடி மேசை காலியா இருக்கு, அங்க போங்க" என்று கத்தச் சொன்னார். முக்கால் மணி நேரம் கத்தினேன். தொண்டை போய்விட்டது. ஆனால் கூட்டம் நிஜமாகவே பிரிந்து போனது, எனக்கே ஆச்சரியம்.

அங்கே நிற்கும்போதுதான் அந்த மனிதர் வந்தார். நாற்பது வயது இருக்கும். நேராக ஓடிவந்தவர் மெல்ல மெல்லச் சாய்ந்து சாலை ஓரத்துக்கு வந்து நின்று, என்னைப் பார்த்து மிக மரியாதையாக, "ஸ்டார்ட் லைன் எந்தப் பக்கம் சார்? லேட்டாயிருச்சு" என்றார். முதலில் சிரிக்கத்தான் தோன்றியது. கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது: களைத்தவன் திட்டுவான், அழுவான், ஆனால் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் பேசினால் காத்திருக்காதீர்கள். கிலோமீட்டர், பிப் எண், என்ன பார்த்தோம், இந்த மூன்றை மட்டும் போனில் சொல்ல வேண்டும். சொன்னேன். இரண்டு பேர் அவரை நிழலில் உட்காரவைத்தார்கள், அக்கா ஐஸ் பெட்டியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து அக்குளிலும் கழுத்திலும் ஐஸ் பையை வைத்து, துணியை ஐஸ் தண்ணீரில் முக்கி முக்கிப் போட்டார். வெப்பத் தாக்காக இருந்தால் முதலில் குளிர்விக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போவது அதற்கு அடுத்ததுதான். பைக்கில் வந்த மருத்துவ ஆட்கள் நான்கு நிமிடத்தில் சேர்ந்துவிட்டார்கள். பிப்பைத் திருப்பிப் பார்த்தால், அவசரத் தொடர்பு எண், ரத்த வகை, ஒவ்வாமை எல்லாம் எழுத இடம் விட்டிருக்கும் பின்பக்கம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. ஓடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு பேனா எடுத்து நிரப்பிவிடுங்கள் ஐயா, அரை நிமிட வேலை. (மதியம் விசாரித்தேன், தெளிந்து, உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார் என்றார்கள்.)

திரும்பி மேசைக்கு வந்தால் அங்கே வேறு பிரச்சினை. தண்ணீர் கேன் கேனாக இருக்கிறது, கப் தீர்ந்துகொண்டிருக்கிறது. ஏற்பாட்டாளர்கள் ஆளுக்கு இரண்டு என்று கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். வெயில் ஏறிய பிறகு யார் இரண்டோடு போகிறார்கள்? ஒன்று குடிக்க, ஒன்று தலைக்கு, ஒன்று கையில். எட்டே முக்காலுக்கு இரண்டு மேசைகள் வெறுமையாகிவிட்டன, இன்னும் சில நூறு பேர் வரவேண்டும். இதில் எனக்கு இன்றும் கோபம்தான். வேகமாக ஓடுகிறவர்களுக்கு அடுக்கடுக்காக இருந்தது, வெயிலில் நாலு மணி நேரமாக வந்துகொண்டிருப்பவர்களுக்கு இல்லை என்றால் அது என்ன கணக்கு?

ஒரு பெண் கீழே கிடந்த கப்பைப் பொறுக்கி, "அலசிக் கொடுத்துரலாமா அக்கா?" என்று கேட்டாள். அக்கா முறைத்த முறையில் அதை அவள் அப்படியே குப்பையில் போட்டுவிட்டாள். பிறகு ஜக்குகளை எடுத்தோம். பாட்டில் வைத்திருப்பவர்களுக்கு நேராகப் பாட்டிலில், இல்லாதவர்களுக்கு உள்ளங்கையில். ஒருவர் இரண்டு கையையும் சேர்த்துக் குழித்து நீட்டினார். விரல் எல்லாம் வீங்கி, உப்பு பூத்து வெள்ளையாக இருந்தது. ஊற்ற ஊற்ற விரல் இடுக்கில் ஒழுகிக்கொண்டே இருந்தது, அவர் குடித்தது கால்வாசிகூட இருக்காது, ஆனாலும் நின்று நிதானமாகக் குடித்துவிட்டுத்தான் போனார். அதற்குள் 27-ல் இருந்த நிலையத்துக்கு அக்கா போன் போட்டு, அங்கே மிச்சமிருந்த கப் கட்டுகளை ஒரு பையன் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினான். இருபது நிமிடம்தான் கப் இல்லாமல் ஓட்டினோம். இரண்டு மணி நேரம் மாதிரி இருந்தது.

எங்கள் இடத்தைத் தாண்ட வேண்டிய கடைசி நேரம் 9:37. அதற்குமேல் பின்னால் வரும் வண்டியில் ஏற்றிக்கொள்வார்கள். 9:31-க்கு ஒரு அம்மா வந்தார், நடையும் ஓட்டமுமாக. தண்ணீரைப் பார்க்கவே இல்லை.

"மணி என்னப்பா? என் வாட்ச் செத்துப்போச்சு."

சொன்னேன்.

"வண்டி எங்க?"

திரும்பிப் பார்த்தேன். வளைவில் அதன் விளக்கு தெரிந்தது. "ஆறு நிமிஷம் இருக்கு, அம்மா." வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. கப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கூடவே நானும் ஓடினேன், அவர் குடித்து முடித்து காலி கப்பை என்னிடமே கொடுத்தார். அன்றைக்குத் தரையில் போடாமல் திருப்பிக் கொடுத்தவர்கள் மிகச் சிலர். இருநூறு மீட்டரில் எனக்கு மூச்சு முட்டிவிட்டது, அவர் போய்க்கொண்டே இருந்தார்.

அப்புறம் சுத்தம் செய்தோம். ஆயிரக்கணக்கான கப் நசுங்கிச் சாலையோடு ஒட்டிக் கிடந்தது, எலக்ட்ரோலைட் காய்ந்து செருப்பு பிசுக் பிசுக்கென்று இழுத்தது. இலை வாருகிற வாரியைக் கொண்டு வாரினோம். ஒரு கண்ணாடி, ஒற்றைக் கையுறை, யாரோ கழற்றிப் போட்ட முழங்கால் பட்டை கிடைத்தன. பதினொன்றரைக்குச் சாலையைத் திறந்தபோது அங்கே ஏதோ நடந்தது என்பதற்கு ஈரத்தைத் தவிர அடையாளம் இல்லை.

நண்பன் முடித்துவிட்டான், அவன் கதையை அவன் சொல்வான். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை, வலது தோள் அப்படி ஒரு வலி. முடிவுகள் வந்திருந்த பக்கத்தைத் திறந்து, அந்த அம்மாவின் பிப் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். ஓட்டத்தைத் தொடங்கிவைத்த துப்பாக்கிச் சத்தத்திலிருந்து கணக்கிட்டால் 6 மணி 31 நிமிடம், தொடக்கக் கோட்டை அவர் தாண்டியதிலிருந்து கணக்கிட்டால் 6 மணி 22. கெடு ஆறரை மணி நேரம். எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டார்கள், மெடல் கொடுத்தார்களா என்று அந்தப் பக்கத்தில் போடவில்லை.