பேதுருவின் சாட்சியும் யாக்கோபின் வீடும்

கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வி என்னை அதிகம் அலைக்கழித்ததில்லை. அவர் நல்லவர்தானா என்ற கேள்வியே பல ஆண்டுகளாக என்னை விடாமல் பிடித்திருக்கிறது. முதல் கேள்வியை யாராவது எழுப்பினால் எங்கள் சபையில் அதற்கு ஒரு மரியாதை உண்டு. உட்கார வைத்துப் பேசுவார்கள், வாசிக்கப் புத்தகம் கொடுப்பார்கள். இரண்டாவது கேள்வியைக் கேட்டால் முகங்களில் பயம்தான் தெரியும். "அப்படியெல்லாம் பேசப்படாது" என்று சொல்லிவிட்டு நமக்காகத் தனியாக ஜெபிக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த ஜெபத்தில் இருக்கிற அன்பை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்டவர் அதற்குப் பிறகு சபைக்குள் தனியாளாகிவிடுகிறார் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

என் அக்காவின் மூத்த மகனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவன் மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். அந்த வருடப் பிறப்பு ஆராதனையில் அக்கா அந்த வருடத்துக்கான தேவவாக்காக எடுத்த வாக்குத்தத்த அட்டையில் 118-ஆம் சங்கீதத்தின் 17-ஆம் வசனம் இருந்தது: "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்." அவள் அதை லேமினேட் செய்து, மருத்துவமனையில் ட்ரிப்ஸ் ஸ்டாண்டின் கம்பியில் நூல் போட்டுக் கட்டினாள். நர்சுகள் பாட்டிலை மாற்றும்போதெல்லாம் அந்த அட்டை திரும்பிக்கொள்ளும். அவள் எழுந்து போய் எழுத்து தெரிகிற பக்கத்தை அவன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைப்பாள். ரத்த அணுக்களின் எண்ணிக்கையான கவுண்ட் இறங்கிய நாட்களில் எங்கள் சபை வாலிபர்கள் பிளேட்லெட் கொடுப்பதற்காக ரத்த வங்கி வாசலில் விடிய விடியக் காத்திருந்தார்கள். எங்கள் உறவினர் இருக்கிற ஊர்களிலெல்லாம் உபவாச ஜெபம் நடந்தது. பக்கத்துப் படுக்கையில் அதே நோயோடு ஓர் இஸ்லாமியச் சிறுவன் இருந்தான். அவனுடைய தாயும் அக்காவும் ஒருவர் பிள்ளைக்காக மற்றவர் வேண்டிக்கொண்டார்கள். அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான். இன்று கல்லூரியில் படிக்கிறான், அதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷமே. அக்கா மகன், கவுண்ட் எழும்பாமலே கிடந்த ஒரு வாரத்தில் கிருமித்தொற்று கண்டு இறந்துபோனான்.

அடக்க ஆராதனையில் "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று வாசிக்கப்பட்டது. வீட்டுக்கு வந்தவர்களில் ஒருவர், தேவன் தமக்குப் பிரியமான பூவை முதலில் பறித்துக்கொள்வார் என்றார். இன்னொருவர் ஒரு படி மேலே போய், அறிக்கையிடாத பாவம் ஏதேனும் குடும்பத்தில் இருக்கிறதா என்று ஆராய்ந்து பார்க்கச் சொன்னார். அக்கா இருவருக்கும் காப்பி கொடுத்து அனுப்பினாள்.

இன்றும் அவள் ஞாயிறுதோறும் ஆலயத்துக்கு வருகிறாள். 136-ஆம் சங்கீதத்தைச் சபையார் மாறி மாறி வாசிக்கும் நாட்களில் மட்டும் நான் அவள் பக்கம் திரும்பாமல் இருக்கப் பார்ப்பேன். 26 வசனங்கள் உள்ள அந்தச் சங்கீதத்தில் ஒவ்வொரு வசனமும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடிகிறது. வானத்தைப் படைத்ததற்கும், சூரிய சந்திரரைப் படைத்ததற்கும் அந்த வரி பொருந்துகிறது. 10-ஆம் வசனத்தில், எகிப்தியரின் தலைச்சன் பிள்ளைகளைச் சங்கரித்ததற்கும் அதே வரிதான் வருகிறது. அந்த வசனத்தில் அக்கா வாயை மூடிக்கொள்வாள். தலைச்சனை இழந்தவள் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று அவளிடம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை என்பது என் எண்ணம்.

எங்கள் சபையில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. விபத்திலிருந்து தப்பியவர், அறுவை சிகிச்சை இல்லாமலே கட்டி கரைந்தவர், வேலை கிடைத்தவர் என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்ல, சபை ஸ்தோத்திரம் சொல்லும். அவர்கள் பொய் சொல்லுகிறார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. நன்றி சொல்ல வேண்டியவர்கள் சொல்லத்தான் வேண்டும். அந்த வரிசையில் எழுந்து நிற்க வழியில்லாதவர்களைப் பற்றியே எனக்குக் கவலை. அப்போஸ்தலர் நடபடிகள் 12-ஆம் அதிகாரத்தைச் சிறுவயதிலிருந்தே ஓய்வுநாள் பள்ளியில் கேட்டு வளர்ந்தோம். பேதுரு சிறையில் இருக்கிறான், சபை ஊக்கத்தோடே ஜெபிக்கிறது, தூதன் வந்து விலாவில் தட்டி எழுப்புகிறான், சங்கிலிகள் கழன்று விழுகின்றன, இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது, ரோதை என்னும் பெண் சந்தோஷத்தில் வாசலைத் திறக்கவும் மறந்து உள்ளே ஓடுகிறாள். படம் வரைந்து, நாடகம் போட்டு நடித்த கதை அது. ஆனால் அதே அதிகாரத்தின் 2-ஆம் வசனத்தில், யோவானின் சகோதரனாகிய யாக்கோபை ஏரோது பட்டயத்தினாலே கொலை செய்தான் என்று ஒரே வரியில் இருக்கிறது. அவனுக்குத் தூதன் வரவில்லை. அவனுக்காகவும் அந்தச் சபை ஜெபித்திருக்கத்தானே வேண்டும்? யாக்கோபின் தகப்பன் செபெதேயுவின் வீட்டில் அந்த இரவு எப்படிக் கழிந்திருக்கும்? பேதுரு வாசலில் வந்து நின்றான் என்ற செய்தி அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்தத் தாய் என்ன சொல்லியிருப்பாள்? வேதம் சொல்லவில்லை. ஆனால் இருவருக்கும் நடந்ததை அது ஒரே அதிகாரத்தில் வைத்திருக்கிறது. நாம்தான் முதல் இரண்டு வசனங்களைத் தாண்டிப் போய் பிரசங்கத்தைத் தொடங்குகிறோம்.

இதற்கெல்லாம் இறையியலார் சொல்லும் பதில்களை முடிந்தவரை வாசித்துப் பார்த்தேன். மனிதனுக்குத் தேவன் சுயாதீனம் கொடுத்தார், தீமையைத் தெரிந்துகொள்ளவும் அந்தச் சுயாதீனத்தில் இடமுண்டு என்ற பதிலை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. 2019 ஏப்ரல் 21 அன்று, உயிர்த்தெழுந்த பண்டிகை நாளில், மட்டக்களப்பு சீயோன் தேவாலய வளாகத்தில் ஓய்வுநாள் பள்ளி முடித்து நின்ற பிள்ளைகள் நடுவே ஒருவன் குண்டை வெடிக்கச் செய்தான். அதைச் செய்தது மனிதன். தெரிந்து, திட்டமிட்டுச் செய்தான். அந்தப் பதில் இங்கே ஓரளவு நிற்கிறது. ஆனால் 2004 டிசம்பர் 26 காலையில், கிறிஸ்துமஸுக்கு மறுநாளான ஞாயிற்றுக்கிழமையில், நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் கடல் கொண்டு போனபோது அங்கே எந்த மனிதனின் சுயாதீனம் வேலை செய்தது? சுமத்ராவுக்கு அருகே கடலடித் தட்டு நழுவியது, அலை வந்தது. வேளாங்கண்ணிப் பேராலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை என்பதை அதற்குப் பிறகு பலர் அற்புதமாகச் சொல்லக் கேட்டேன். உள்ளே பூசையில் இருந்தவர்கள் பிழைத்தார்கள் என்பதில் யாருக்குத்தான் மகிழ்ச்சி இருக்காது? ஆனால் அதே பண்டிகைக்கு அதே மாதாவை நம்பி வந்து, கடற்கரையில் நின்றதால் மாண்டவர்களின் வீட்டார் அந்தச் சாட்சியை எப்படிக் கேட்பார்கள்?

என்னை இதைவிட ஆழமாகத் தொட்ட செய்தி மருத்துவ வரலாற்றில் இருக்கிறது. ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு மருந்தால் நோய் தணிய முடியும் என்று பாஸ்டன் நகரத்தில் சிட்னி ஃபார்பர் 1948-இல் எடுத்துக்காட்டினார். அவர் பயன்படுத்திய அமினோப்டெரின் மருந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் வேலை செய்த ஆய்வாளர்கள் உருவாக்கியது. அன்று கிடைத்தது சில மாத அவகாசம் மட்டுமே. குழந்தைகளுக்கு அதிகமாக வரும் வகையில் இன்று வசதியான நாடுகளில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் பிழைக்கிறார்கள். தேவன் மருத்துவர்கள் மூலமாகக் குணமாக்குகிறார் என்பதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் 1948-க்கு முன்னால் இதே நோயில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் எத்தனை தலைமுறை! அவர்கள் முழங்காலில் நின்றது அக்கா நின்றதைவிடக் குறைவா? ஜெபம் கேட்கப்படுவதும் கேட்கப்படாததும் பிறந்த ஆண்டையும் நாட்டையும் பொறுத்து அமைவதுபோல் தெரிவதே என் சந்தேகத்தின் ஆணிவேர். ஏழை நாடுகளில் அதிகப் பிள்ளைகள் சாவதற்கு மனிதரின் அநியாயமும் காரணம் என்பதை நான் அறிவேன். அந்தப் பழியை மனிதர் மேல் போட்ட பிறகும் மீதி ஒன்று இருக்கிறது.

பாவம்தான் காரணம் என்ற பதிலை மட்டும் நான் அடியோடு மறுக்கிறேன். 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாளன்று, ஆலயங்கள் நிறைந்திருந்த காலை வேளையில் லிஸ்பன் நகரத்தை நிலநடுக்கம் அழித்தபோது, ஜான் வெஸ்லி போன்ற பெரிய பிரசங்கியாரே அதைத் தேவனுடைய நியாயத்தீர்ப்பாக எழுதினார். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் எருசலேமில் எல்லோரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டு, அப்படியல்ல என்று தாமே பதிலும் சொன்னதை லூக்கா 13-ஆம் அதிகாரம் பதிவு செய்திருக்கிறது. உத்தமனாயிருந்தும் பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த யோபுவின் புத்தகம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. முகாந்தரமில்லாமல் யோபை நிர்மூலமாக்கும்படி நீ என்னை ஏவினாய் என்று 2-ஆம் அதிகாரத்தில் தேவனே சாத்தானிடம் சொல்லுகிறார். முகாந்தரம் இல்லை என்று அவரே சொன்ன இடத்தில் முகாந்தரம் தேடிப் போகிறவர்கள் யோபுவின் பாவமே காரணம் என்று வாதாடின எலிப்பாசும் அவன் சிநேகிதரும் மட்டுமே.

அந்தப் புத்தகத்தோடும் எனக்கு வழக்கு உண்டு. கடைசியில் ஆடுமாடுகள் இரட்டிப்பாகின்றன. மறுபடியும் ஏழு குமாரரும் மூன்று குமாரத்திகளும் பிறக்கிறார்கள். முந்தின பத்துப் பேர் திரும்பி வரவில்லை. அக்காவுக்கு இளையவள் ஒருத்தி இருக்கிறாள், நன்றாகப் படிக்கிறாள், தாயின் மேல் உயிராக இருக்கிறாள். "இவளைக் கொடுத்திருக்காரே" என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்களிடம் அக்கா ஒன்றும் பேசமாட்டாள். அவளுக்கு இருந்தது இரண்டு பிள்ளைகள். ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கணக்குத் தீர்க்க முடியாது.

இவ்வளவு இருந்தும் ஏன் இன்னும் விசுவாசியாக இருக்கிறாய் என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கிறிஸ்துவை விட்டுவிட்டால் என் கோபம் தணிந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு குழந்தை செத்ததற்காக இந்த உலகத்தின் மேல் கோபப்படலாம், அது வெறும் இயற்கை நிகழ்வு அல்ல, ஒரு கொடுமை என்று நான் நினைப்பதே லாசருவின் கல்லறை முன்னால் கண்ணீர் விட்ட இயேசுவிடமிருந்து நான் கற்றுக்கொண்டதுதான். அவர் வர வேண்டிய நேரத்தில் வராமல் இரண்டு நாள் தாமதித்ததையும் அதே அதிகாரம் மறைக்காமல் சொல்லுகிறது. "நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்று மார்த்தாள் முகத்துக்கு நேரே சொல்ல, அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. பிறகு அவரே சிலுவையில் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கேட்டார். மாற்கு எழுதின சுவிசேஷத்தில் அந்தக் கேள்விக்கு வானத்திலிருந்து பதில் வரவில்லை. மூன்றாம் நாளில் உயிர்த்தெழுதல் வந்தது என்பீர்கள். ஆம், அதை நம்புகிறேன். ஆனால் அக்கா மகனுக்கு அந்த மூன்றாம் நாள் இன்னும் வரவில்லை. அதுவரை "அவர் நல்லவர்" என்பதை நான் கண்டதாக அல்ல, எதிர்பார்ப்பதாக மட்டுமே சொல்ல முடிகிறது.

அக்காவிடம் ஒருமுறை நேரடியாகவே கேட்டுவிட்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள்: "அவரு இல்லன்னு வச்சுக்கிட்டா, எம்புள்ளைய நான் யார்ட்ட தம்பி போயி கேக்க?" அவளுக்கு இருப்பது விசுவாசமா வழக்கா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. யோபுவுக்கும் அப்படித்தான் இருந்தது. "என் மீட்பர் உயிரோடிருக்கிறார்" என்று சொன்ன அதே 19-ஆம் அதிகாரத்தில், தேவன் தன்னைக் கவிழ்த்துப்போட்டார் என்றும், கூப்பிட்டாலும் நியாயம் இல்லை என்றும் அவன் புலம்புகிறான். கல்லறைக் கற்களில் நாம் வெட்டி வைப்பது முதல் பாதி மட்டும்.

இந்த வருடம் புதன்கிழமை வேதபாடத்துக்கு எந்தப் புத்தகம் என்று போதகர் ஐயா கேட்டபோது அக்காதான் யோபுவைச் சொன்னாள். அதுவும் 3-ஆம் அதிகாரத்திலிருந்து 37-ஆம் அதிகாரம் வரை, நாங்கள் வழக்கமாகத் தாண்டிவிடுகிற பகுதியை முழுவதும் வாசிக்க வேண்டும் என்றாள். ஐயா தயங்கினார், பிறகு ஒத்துக்கொண்டார். இப்போது 9-ஆம் அதிகாரம் முடிந்திருக்கிறது. கணவரை விபத்தில் இழந்த ஓர் அம்மாள், இத்தனை வருடமாகச் சாட்சி நேரத்தில் எழுந்தே அறியாதவர், போன வாரம் தன் கேள்வியைச் சத்தமாகவே கேட்டார். எங்கள் மூப்பர் ஒருவருக்கு இதில் பெரிய கலக்கம். வாலிபப் பிள்ளைகளின் விசுவாசம் தளர்ந்துவிடும், குறைந்தபட்சம் ஒரு துதிப் பாடலோடாவது கூட்டத்தை முடியுங்கள் என்கிறார். அவர் எங்கள் எல்லோரையும் நேசிக்கிறவர். அவருடைய பயத்தை நான் தள்ளிவிடமாட்டேன். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதற்குப் பிறகு யாரும் ஒரு துதி வசனத்தைச் சேர்க்கவில்லையே என்பது அக்காவின் வாதம். பாடலாமா கூடாதா என்பது இன்னும் தீரவில்லை. இப்போதைக்குப் பரமண்டல ஜெபம் சொல்லிக் கலைகிறோம்.