சாரா கடலுக்குப் போகிற நாள்

எங்கள் ஊர் புதுச்சேரி. மாசிமகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் சாமிகள் வரிசையாக வந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். தெற்கு பிரான்சில் ஒரு கறுத்த அம்மனைக் கடலுக்குத் தூக்கிப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து மனசு அங்கேயே இருந்தது.

ஆர்ல் நகரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். சதுப்பு நிலமும் வெள்ளைக் குதிரைகளும் தாண்டினால் சேந்த் மரி த லா மேர். மே 24 காலை நான் இறங்கியபோது ஊரைச் சுற்றி ஒரே கேரவன்கள். ரோமா, மனுஷ், ஜித்தான் என்று பல பிரிவு நாடோடி மக்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன் வடஇந்தியாவிலிருந்து கிளம்பி, போகிற வழியெல்லாம் கலந்து, ஐரோப்பா முழுக்கப் பரவியவர்கள்.

கோட்டை மாதிரி இருக்கும் அந்தக் கோயிலில் பீடத்துக்குக் கீழே நிலவறை. படியிறங்கும்போதே மெழுகுவர்த்திச் சூடு முகத்தில் அடித்தது. மூலையில் சாரா. இந்த மக்கள் 'சாரா லா காலி' என்கிறார்கள். ரோமா மொழியில் காலி என்றால் கறுத்தவள். நம் காளிக்கும் அதே வேர்தான். அவர்கள் காளியைத்தான் கும்பிடுகிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் உடம்பு சிலிர்த்தது நிஜம். கத்தோலிக்கத் திருச்சபை முறைப்படி புனிதர் பட்டம் கொடுக்காதவள் இவள். இயேசுவைப் பின்பற்றி, பிறகு கடல்வழி இங்கே வந்த இரண்டு மரியாள்களின் பணிப்பெண் என்று ஒரு கதை. இல்லை, கரையில் நின்று அவர்களை வரவேற்ற குலத்தலைவியே அவள்தான் என்று இன்னொரு கதை. எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது.

சுரூபத்துக்கு அங்கிமேல் அங்கியாகச் சாத்தியிருந்ததில் முகம் மட்டும்தான் தெரிந்தது. ஒரு பாட்டி தான் கொண்டுவந்த நீல அங்கியைப் போர்த்தி, ஜரிகை ஓரத்தை விரலால் நீவிவிட்டார். கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டார். நான் இந்தியா என்றதும் தன் மூக்கைத் தொட்டு "நாக்" என்றார், காதைத் தொட்டு "கான்" என்றார். எனக்குத் தெரிந்த கொஞ்ச ஹிந்தியே போதுமாக இருந்தது.

மதியம் மேல்மாடச் சிற்றாலயத்திலிருந்து மரியாள்களின் எலும்புகள் என்று வணங்கப்படும் திருப்பண்டங்களின் பேழைகள் பூக்கட்டிய கயிற்றில் மெல்ல இறங்கின. அப்புறம் சாரா புறப்பட்டாள். 1935-லிருந்துதான் அவள் இப்படிக் கடலுக்குப் போகிறாள். இதே வட்டாரத்தில், சாலியே என்ற இடத்தில், 1942-லிருந்து 1944 வரை இந்த மக்களை முகாமில் அடைத்து வைத்திருந்தார்கள். நாடோடிகள் கையில் தனி அனுமதிப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம் 2017-ல்தான் போனது. இதையெல்லாம் படித்துவிட்டுப் போயிருந்ததால், "விவ் சேந்த் சாரா!" என்று அவர்கள் தொண்டை கிழியக் கத்தியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

குதிரைவீரர்கள் தண்ணீரில் இறங்கி அரைவட்டமாக நின்றார்கள். சாராவைச் சுமந்தவர்கள் அலைக்குள் போனார்கள். நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் ஆழத்துக்குப் போய்விட்டேன்.

பக்கத்தில் அந்தப் பாட்டி. குனிந்து கை நனைத்து முதலில் தன் தலையில் தெளித்துக்கொண்டார். பிறகு என் நெற்றியில் ஈர விரலை வைத்து, "பானி" என்றார்.