கேப்டன்னா லீவு லெட்டர் வாங்குறவன்

பேப்பர்ல ஸ்போர்ட்ஸ் டெஸ்க்ல சேர்ந்து ரெண்டாவது வருஷம். ஐஎஸ்எல் ஃபுட்பால் சீசன் ஆரம்பிக்கப் போற நேரம், எல்லாரும் நேரு ஸ்டேடியம், சென்னையின் எஃப்சின்னு எழுதிட்டிருக்காங்க, நாம கொஞ்சம் பழசைப் போடுவோம், மெட்ராஸ் லீக்ல ஆபீஸ் டீம்லாம் கொடிகட்டிப் பறந்த காலத்து ஆள் யாரையாவது பிடிச்சு ஒரு பேட்டி எடுத்துட்டு வான்னு எடிட்டர் சொல்லிட்டாரு. ரெண்டு மூணு பேர் கைமாறி ஒரு நம்பர் கிடைச்சுது. பெரம்பூர் பக்கம் வீடு, ஒரு மத்திய அரசு ஆபீஸ் டீமோட முன்னாள் கேப்டன். பேரையும் டீமையும் இங்க போடல, ஏன்னு படிச்சா தெரியும்.

நான் 22 கேள்வி எழுதி எடுத்துட்டுப் போனேன். எத்தனை கோப்பை, மறக்க முடியாத கோல் எது, இன்னைக்கு பசங்களுக்கு என்ன சொல்றீங்க, இப்படி. இப்ப அந்தப் பேப்பரைப் பார்த்தா எனக்கே வெக்கமா இருக்கு.

முதல் கேள்விய கேக்கவே விடல அவரு. "தம்பி, சைமன் சுந்தர்ராஜ் யாருன்னு தெரியுமா?"ன்னாரு. நல்லவேளை தெரியும். 1960 ரோம் ஒலிம்பிக்ல ஆடினவர், 1973ல கேரளா முதல் தடவையா மாநில டீம்கள் மோதற சந்தோஷ் டிராபி ஜெயிச்சப்ப கோச், ஃபைனல்ல ரயில்வேஸ்கூட 3-2, கேப்டன் மணி மூணு கோலும் போட்டாருன்னு ஒப்பிச்சேன். முந்தின நாள் ராத்திரி படிச்சதுதான். அவரு சிரிச்சுட்டு உள்ள திரும்பி "காபி போடும்மா"ன்னாரு. அப்புறம்தான் பேட்டியே.

நான் கோப்பையைப் பத்தி கேட்டா அவரு எந்திரிச்சுப் போயி பீரோலருந்து ஒரு நீள நோட்டை எடுத்துட்டு வந்தாரு. ஸ்கோர் எழுதின நோட்டா இருக்கும்னு ஆசையா பிரிச்சா உள்ள பூரா லீவு கணக்கு. யாரு எந்தத் தேதில எத்தனை நாள் வெளியூர் டோர்னமென்ட் போனான், அதுல ஸ்பெஷல் கேஷுவல் லீவு எத்தனை, சொந்த லீவு எத்தனை, எந்த செக்ஷன் சூப்பிரண்டு கையெழுத்து போட்டாரு, எவரு இழுத்தடிச்சாரு, எல்லாம் சிவப்பு மை, நீல மைன்னு பிரிச்சு எழுதியிருக்கு. "கேப்டன்னா என்னன்னு நெனச்சே? டாஸ் போடறவனா? லீவு லெட்டர் வாங்குறவன்பா"ன்னாரு.

அங்கதான் எனக்கு விஷயமே புரிய ஆரம்பிச்சுது. அவங்களுக்கு கிளப்புங்கறது ஒரு வேலை. ஸ்போர்ட்ஸ் கோட்டால கிளார்க்கா எடுப்பாங்க, காலைல ரிஜிஸ்டர்ல கையெழுத்து, மதியத்துக்கு மேல பிராக்டிஸுக்கு விடுவாங்க. டீம் நல்லா ஆடினா அடுத்த வருஷம் இன்னும் ரெண்டு பேரை எடுக்க மேல கேக்கலாம். சரியா ஆடலேன்னா அந்த வருஷம் ஆளெடுப்பு கிடையாது, அவ்வளவுதான். அப்ப ஒரு லீக் மேட்ச்ல கீப்பர் பந்தை நழுவ விட்டா அது யாரோ ஒரு வியாசர்பாடி பையனோட சம்பளத்துல போய் விழுது. நாம இன்னைக்கு டிவில பார்த்துட்டு "பிரஷர்"னு சொல்றோமே, அதெல்லாம் எதுக்கும் காணாது.

அவங்கப்பாவுக்கு பெரம்பூர் பி அண்ட் சி துணி மில்லுல வேலை. விடியக்காலை மில் சங்கு ஊதினா இவரு எந்திரிச்சு ஓடப் போவாராம், வாட்ச்சு கிடையாது. ஆரம்பத்துல இங்க மேட்ச்சே 70 நிமிஷம்தான், ஹாஃபுக்கு 35. பந்து தோல் பந்து, லேஸ் போட்டு கட்டியிருக்கும், மழைல ஊறினா செங்கல்லு மாதிரி கனக்கும், லேஸ் பக்கமா ஹெட் பண்ணா நெத்தில கோடு விழும்னு தொட்டுக் காட்டினாரு, இவரு சென்டர் ஹாஃப் வேற, ஹெட் பண்றதே பொழப்பு. நேரு ஸ்டேடியம்னு நாம சொல்றது அப்ப கார்ப்பரேஷன் ஸ்டேடியம், இப்ப இருக்கற வடிவம் 1993ல நேரு கப்புக்காக கட்டினது. அந்தப் பழைய கேலரியைப் பத்தி சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் மாறிச்சு. கோழிக்கோடு சேட் நாக்ஜி டோர்னமென்ட் போன கதையும் சொன்னாரு, ஆனா அதுல பாதி ரயில்ல யாரு சீட்டு ஆடினாங்கங்கறதுதான்.

கடைசியா ஒரு மேட்ச் சொன்னாரு. லீக்ல பெரிய டீமை இவங்க 3-1ன்னு அடிச்சது, மூணாவது கோலு ஒரு லெஃப்ட் அவுட் பையன், அதாவது இடது ஓரத்துல ஆடறவன், போட்டது. அவன் ஆபீஸ் ஸ்டாஃப் கிடையாது, கெஸ்ட் பிளேயர். வெறும் பேட்டா காசுக்கு மூணு சீசன் ஆடினான், எப்படியும் எடுத்துருவாங்கன்னு.

நான் எழும்பூர் கன்னிமாரா லைப்ரரில போயி அந்தத் தேதி பேப்பரை எடுத்துப் பார்த்தா 2-1ன்னு இருக்கு. சரி, பெரியவருக்கு ஞாபகம் குழம்பிடுச்சுன்னு நெனச்சு மெதுவா போன் பண்ணி சொன்னேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம், "பேப்பர்காரன் கடைசி பத்து நிமிஷம் இருக்கறப்பவே கெளம்பிட்டான் தம்பி, அவனுக்கு பஸ்ஸு"ன்னாரு. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, அவரு சிரிக்கல. அந்தப் பையன் வேலைக்கு அப்ளிகேஷன் போட்டப்ப சர்டிபிகேட்டோட பேப்பர் கட்டிங்கும் ஒட்டி வெச்சுக் குடுக்கணும், அவன்கிட்ட ஒட்டறதுக்கு ஒண்ணுமே இல்லன்னாரு. அந்த ஒரு கோலு அச்சுல வந்திருந்தா வேலை கிடைச்சிருக்கும்னு அவரும் சொல்லல. அந்த வருஷம் ஆளெடுப்பே நின்னு போச்சு. பையன் அப்புறம் மில்லுல சேர்ந்தான், மில்லும் 1996ல மூடிட்டாங்க.

யாரு சொல்றது சரின்னு என்னால கண்டுபிடிக்க முடியல. எழுதறப்ப ரெண்டையும் போட்டேன், பேப்பர்ல 2-1, கேப்டன் 3-1ங்கறாரு, மூணாவது கோல் இன்னார் போட்டதுன்னு பேரோட. எனக்கு அதுதான் கட்டுரையிலேயே நல்ல பாரா. ராத்திரி பக்கம் போடறப்ப ஒரு விளம்பரம் உள்ள வந்துருச்சு, 900 வார்த்தை 600 ஆச்சு, எந்தப் பாரா போயிருக்கும்னு சொல்லத் தேவையில்ல. வெட்டினது டெஸ்க், ஆனா காலைல பார்த்துட்டு நானும் ஒண்ணும் கேக்கல, புதுசு, பயம்.

ஞாயித்துக்கிழமை கட்டுரை வந்தது. எட்டு மணிக்கெல்லாம் போன். போட்டோ நல்லா இருக்குன்னாரு, வீட்ல ரொம்ப சந்தோஷம்னாரு, பேரன் ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போகப் போறானாம். அப்புறம் கேட்டாரு, "அந்தப் பையன் பேரு எந்தப் பக்கத்துல வந்திருக்கு தம்பி?"

அடுத்த தடவை கண்டிப்பா போடறேன் சார்னேன். அவரு போயி வருஷம் சில ஆச்சு. இப்பவும் போடல பாருங்க, அந்தப் பையன் வீட்ல யாரையாவது தேடிப் பிடிச்சு கேட்டுட்டுத்தான் போடணும்னு வெச்சிருக்கேன். பேரை மட்டும் அந்த 22 கேள்வி பேப்பருக்குப் பின்னாடி எழுதி வெச்சிருக்கேன், இனிஷியலோட.