அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் கார்பன் ஐசோடோப்பு அளந்த கதை

கார்பன் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணு வகைகள்) ஆய்வு என்றாலே எல்லோரும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை, அதாவது அவற்றை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் இயந்திரத்தை, பற்றித்தான் கேட்பார்கள். அந்த இயந்திரத்துக்கு ஒரு குப்பியை அளக்கச் சில நிமிடங்கள் போதும். வரும் எண் பழைய கடலுடையதா, பிற்பாடு பாறைக்குள் இறங்கிய மழைநீருடையதா என்று தீர்மானிப்பதில்தான் என் முனைவர் பட்ட ஆய்வின் பெரும்பகுதி கழிந்தது. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொண்டது அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல். கிரிட்டேசியஸ் காலத்தின் கடைசிக் கட்டமான மாஸ்ட்ரிக்டியனில், ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழமில்லாத கடலில் படிந்தது. கிரைஃபியா சிப்பிகளும் இனோசெராமஸ் ஓடுகளும் அடுக்கடுக்காகக் கிடக்கும். சிமெண்டுக்காக வெட்டுவதும் இதைத்தான் என்பதால் நல்ல பாறைமுகம் வேண்டுமென்றால் சுரங்கத்துக்குள்தான் போக வேண்டும். அனுமதிக் கடிதத்துக்கு அலைந்ததைச் சொன்னால் அதுவே தனிக் கட்டுரையாகிவிடும், விடுங்கள்.

சுரங்கத்தில் ஒரு லாபம், ஒரு நஷ்டம். வெயிலும் மழையும் படாத புதுப் பாறை கிடைக்கும். ஆனால் இன்று நாம் அளந்து குறித்த சுவர் அடுத்த முறை போகும்போது சிமெண்ட் ஆகியிருக்கும். அதனால் அடியிலிருந்து உச்சிவரை ஒரே மூச்சில் மாதிரி எடுத்து, ஒவ்வொரு கல்லிலும் மேல்பக்கத்துக்கு அம்புக்குறி போட்டு, படம் எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். உச்சிக்குப் பக்கத்தில் இன்னொரு தொல்லை உண்டு. மண்ணிலிருந்து இறங்கும் சுக்கான் (மண்ணில் உருவாகும் சுண்ணாம்பு), பாறை விரிசல்களில் வெள்ளையாகப் படிந்திருக்கும். அதுவும் கால்சியம் கார்பனேட்தான், அமிலம் விட்டால் அதுவும் நுரைக்கும். ஆனால் அதன் வயதுக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லை.

எதற்கு இவ்வளவு ஜாக்கிரதை? இயற்கையில் உள்ள கார்பனில் 98.9 சதவீதம் கார்பன்-12, சுமார் 1.1 சதவீதம் கார்பன்-13. கடல் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கையில் லேசான 12-ஐயே அதிகம் எடுத்துக்கொள்கின்றன. அவை செத்துச் சேற்றில் நிறையப் புதைந்தால் மிச்ச நீரில் 13-இன் விகிதம் கூடும். அந்த நீரில் உருவாகும் சுண்ணாம்பிலும் அது பதிவாகும். கிரிட்டேசியஸின் செனோமேனியன், டூரோனியன் கட்டங்களின் எல்லையில், சுமார் 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன், உலகின் பல கடல்களில் இப்படி ஒரு ஏற்றம் தெரிகிறது. அவ்வளவு பெரிய நிகழ்வுக்கே கார்பனேட்டில் ஏற்றம் 2 பெர்மில் அளவுதான், அதாவது ஆயிரத்தில் 2 பங்கு. ஒரு சிட்டிகைச் சுக்கான் கலந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆய்வகத்துக்கு வந்ததும் முதல் வேலை, 30 மைக்ரான் தடிமனுக்குத் தின் செக்‌ஷன், அதாவது ஒளி புகும் மெல்லிய கல் சீவல், தேய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பது. அலிசரின் ரெட் சாயம் போட்டால் கால்சைட் (கால்சியம் கார்பனேட் கனிமம்) சிவக்கும், மெக்னீசியமும் சேர்ந்த டோலமைட் அப்படியே இருக்கும். பிற்காலத்தில் வளர்ந்த பெரிய படிகங்களையும் கோடுகளையும் ஒதுக்கிவிட்டு, நுண்மணியான பகுதியில் மட்டும் மைக்ரோ டிரில்லை வைக்க வேண்டும். பல் டாக்டர் சொத்தையைச் சுரண்டுவது போலத்தான், சுரண்டியதை நாம் பத்திரப்படுத்துகிறோம் என்பது மட்டும் வித்தியாசம். தேவைப்படுவது சில நூறு மைக்ரோகிராம் தூள். மின்விசிறியை அணைத்துவிட்டு எடை போடுங்கள்.

அப்புறம் குப்பியில் ஹீலியம் செலுத்திக் காற்றை வெளியேற்றி, நீரில்லாத பாஸ்பாரிக் அமிலம் விட்டு, சுமார் 70 டிகிரியில் வைத்தால் கார்பன் டை ஆக்சைடு வரும். 1950-இல் மெக்ரே விவரித்த முறையின் இன்றைய வடிவம் இது. அந்த வாயுவில் நிறை 44, 45, 46 உள்ள மூலக்கூறுகளை இயந்திரம் ஒப்பிடுகிறது. முடிவு 'வியன்னா பிடிபி' அளவுகோலில் வரும். பிடிபி என்பது அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில், பீ டீ படிவம் என்ற பாறை அடுக்கில் கிடைத்த ஒரு பெலெம்னைட் (கணவாய் போன்ற, அழிந்துபோன கடல்பிராணி) புதைபடிவம். அந்தப் படிவமும் மாஸ்ட்ரிக்டியன் வயதுதான்! அரியலூர்ச் சிப்பியை அதன் காலத்துக் கடல்பிராணியோடே ஒப்பிடுகிறோம் என்பது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அசல் பிடிபி தீர்ந்துபோய்விட்டதால், என்பிஎஸ்-19 என்ற பளிங்குத் தூளுக்கு +1.95 பெர்மில் என்று மதிப்பு கொடுத்து அளவுகோலைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். மாதிரிகளுக்கு நடுநடுவே தரநிலைத் தூளையும் வைக்காத ஆய்வகத்தின் எண்களை நான் நம்ப மாட்டேன்.

என் வரைபடத்தின் மேல்பகுதியில் கார்பன்-13 மதிப்பு சட்டென்று கீழே இறங்கியது. பார்க்க அழகான சரிவு, 'உலக நிகழ்வு' என்று எழுதக் கை அரிக்கும். வழிகாட்டி கேட்டது ஒரே கேள்வி: "ஆக்சிஜன் என்னம்மா சொல்லுது?" அதே வாயுவில் கார்பனோடு சேர்த்து அளந்த ஆக்சிஜன் ஐசோடோப்பு மதிப்பும் கூடவே இறங்கியிருந்தது. மழைநீரில் ஆக்சிஜன் ஏராளம், கார்பன் கொஞ்சம். அதனால் நன்னீர் பட்ட பாறையில் முதலில் கெடுவது ஆக்சிஜன் மதிப்பு. நீர் நிறையப் பாய்ந்து, மண்ணில் தாவரங்கள் விட்ட லேசான கார்பனையும் கொண்டுவந்தால்தான் கார்பன் மதிப்பும் சரியும். இரண்டும் சேர்ந்து இறங்கினால் சந்தேகப்பட்டே ஆக வேண்டும்.

சந்தேகத்தைத் தீர்க்க மாங்கனீசும் ஸ்ட்ரான்சியமும் அளந்தோம். நன்னீர் புகுந்தால் கால்சைட்டிலிருந்து ஸ்ட்ரான்சியம் வெளியேறும், மாங்கனீசு உள்ளே வரும். அந்த மாதிரிகளில் மாங்கனீசு-ஸ்ட்ரான்சியம் விகிதம் ஏறியே இருந்தது. எலக்ட்ரான் கற்றை பட்டதும் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தன, அதுவும் மாங்கனீசின் அடையாளம். கடைசியாக அதே அடுக்கின் கிரைஃபியா ஓட்டின் உட்பகுதியைத் துளைத்து அளந்தோம். அடர்த்தியான கால்சைட் ஓடு நீரை எளிதில் உள்ளே விடாது. அதில் கார்பன் இறங்கவே இல்லை, கீழ் அடுக்குகளோடு ஒத்துப்போனது. சரி, சரிவு போயிற்று.

அந்த மாதிரிகளை ஆய்வேட்டிலிருந்து நீக்கவில்லை. காரணத்தோடு தனி அட்டவணையில் போட்டிருக்கிறேன், வாய்மொழித் தேர்வில் அதிகக் கேள்வி வந்ததும் அங்கேதான். மிச்சமுள்ள ஓட்டுத் தூளை ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்புக்காக எடுத்து வைத்திருக்கிறேன். மாஸ்ட்ரிக்டியன் கடலில் ஸ்ட்ரான்சியம்-87க்கும் 86க்கும் உள்ள விகிதம் சீராக ஏறிக்கொண்டே போனதால் அடுக்குகளின் வயதை இன்னும் நெருக்கமாகச் சொல்லலாம். அதற்கு வேறொரு ஆய்வகத்தில் வரிசையில் காத்திருக்கிறேன்.