புவெர்த்தெவெந்துரா நடைக் குறிப்புகள்

பிப்ரவரி 11, ஞாயிறு. கொரலேஹோ

விமானத்தை விட்டு இறங்கியதிலிருந்து காற்று. ஜன்னலை இறுக்கி அடைத்தும் திரைச்சீலை ஆடுகிறது.

நான்கு லிட்டர் தண்ணீரைப் பையில் ஏற்றி அறைக்குள்ளேயே நடந்து பார்த்தேன். தோள் தாங்கும். ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் ஒன்றான இந்தத் தீவில் ஆறு கிடையாது. குழாயில் வருவது உப்பு நீக்கிய கடல்நீர். வருஷம் முழுக்கச் சேர்த்தாலே மழை 100 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். எங்கள் பக்கம் ஐப்பசியில் ஓர் அடைமழை பிடித்தால் அவ்வளவு கொட்டிவிடும்.

ஊரில் வயலை விற்கக் கையெழுத்துக் கேட்கும் அண்ணனுக்குப் பதில் போடவில்லை.

பிப்ரவரி 12, திங்கள். லா ஒலிவா

வெளிச்சம் வரும்போதே கிளம்பிவிட்டேன். வெள்ளையும் சிவப்புமாகக் கல்லில் இரண்டு கோடு போட்டிருந்தால் அதுதான் ஜிஆர் 131 என்ற நெடுந்தூர நடைபாதை. வடக்கே லோபோஸ் குட்டித் தீவில் தொடங்கித் தென்மேற்கே ஹந்தியா முனை வரை ஏறக்குறைய 150 கிலோமீட்டர். ஊர் முடிந்ததும் எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. கால்தெரோன் ஓந்தோவின் விளிம்பில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தேன். ஆழமான குழி, அடியில் சரளை. உயரம் 278 மீட்டர்தான். ஆனால் விளிம்பில் அந்தக் காற்றில் நிமிர்ந்து நிற்க முடியவில்லை, உட்கார்ந்துதான் பார்க்க முடிந்தது.

சுற்றிலும் கறுத்து உடைந்த எரிமலைப் பாறை, அதன்மேல் சாம்பல் பச்சையில் பாசிப்படலம். இதுவும் உயிர்தான், வருஷக்கணக்கில் ஒட்டி வளர்ந்தது. மிதிக்காமல் நடந்தேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

திந்தாயா மலையைப் பார்த்தபடியே காலை போனது. அதன் உச்சிப் பாறைகளில் பழங்குடிகள் செதுக்கிய பாத வடிவங்கள் இருக்கின்றன. மேலே ஏறவில்லை, ஏறவும் தோன்றவில்லை. எதிரே எரிந்த மலை என்று ஒன்று, அடிவாரத்தில் ஸ்பானிய எழுத்தாளர் உனமூனோவின் சிலை. 1924இல் சர்வாதிகாரி பிரிமோ தெ ரிவேரா அவரை இந்தத் தீவுக்குத்தான் நாடு கடத்தினார்.

பிறகு தெஃபியா. சமவெளி, காற்றாலை, வெள்ளைச் சுவர்கள். 1954 முதல் 1966 வரை இங்கே ஒரு முகாம் இருந்தது. பெயர் விவசாயக் குடியிருப்பு. ஸ்பானிய சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு தன்பாலீர்ப்பாளர்களைச் சட்டம் போட்டுப் பிடித்துவந்து, பசியோடு கல் உடைக்கவும் சுமக்கவும் வைத்த இடம். வழியெல்லாம் அழகான கல்சுவர்கள். காலையில் ரசித்துப் படம் எடுத்துக்கொண்டே வந்தேன். மத்தியானத்துக்கு மேல் ஒவ்வொரு சுவரிலும் இது யார் அடுக்கியது என்று கேட்காமல் தாண்ட முடியவில்லை.

இங்கே தங்க இடம் கிடைக்கவில்லை. பேருந்தில் புவெர்தோ தெல் ரொசாரியோ போய்ப் படுத்தேன்.

பிப்ரவரி 14, புதன். பெத்தாங்கூரியா

கவியாக்களைப் பார்த்தேன். இதற்காகவே வந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஓடைக்குப் பக்கத்தில் நிலத்தைச் சமமாக்கி, நாலு பக்கமும் இடுப்பளவு மண்வரப்பு போட்டிருக்கிறார்கள். எப்போதாவது மழை பெய்து ஓடையில் வெள்ளம் வந்தால், வாய்க்கால் வெட்டி அதை உள்ளே திருப்புவார்கள். தண்ணீர் நின்று மெதுவாக இறங்கும், வண்டலும் தங்கும். அந்த ஈரத்தில்தான் கோதுமை, மக்காச்சோளம், பருப்பு எல்லாம். மேல் கவியா நிறைந்தால் மூலையில் கல் பாவிய ஒரு வழிவு, அது வழியாகக் கீழ்க் கவியாவுக்கு. அது நிறைந்தால் அதற்கும் கீழே. நம்ம கலிங்கு செய்கிற அதே வேலை.

ஒரு வழிவின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் விழுகிற இடத்தில் மண் அரிக்காமல் இருக்கத் தட்டைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற விட்டுப் பதித்திருக்கிறார்கள். சிமெண்ட் இல்லை. உள்ளே கரம்பை வெடித்துக் கிடந்தது. ஒரு பாளத்தைப் பெயர்த்தேன், அடியில் கொஞ்சம் குளிர்ச்சி இருந்தது. ஆனால் கீழ்ப்பக்க வரப்பு ஆளுயர நீளத்துக்கு உடைந்து போயிருக்கிறது. ஒரு மழைக்கு மண்வெட்டியோடு யாரும் வராததால் உடைந்தது. அடுத்த மழை வரப்போடு வயலின் மண்ணையும் கொண்டுபோகும். அதற்குக் கீழே இருப்பவை எல்லாம் வரிசையாகத் தரிசு.

மேலே ஒருவர் விட்டால் கீழே எல்லோருக்கும் போச்சு. இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வேன்?

பிப்ரவரி 15, வியாழன்

கலிமா. சகாராவின் தூசி. மலை தெரியவில்லை, தொண்டை எரிகிறது. அறையைவிட்டு வெளியே போகவில்லை.

பிப்ரவரி 16, வெள்ளி. பாஹரா

காலையில் தூசி விலகியது. பெத்தாங்கூரியாவிலிருந்து மேட்டில் ஏறி வேகா தெ ரியோ பல்மாஸ். பள்ளத்தாக்கில் பேரீச்சை மரங்கள், நாலு நாளில் முதன்முறையாக நிழல். பாதையை விட்டு விலகி பெனீத்தாஸ் அணைக்கட்டுக்கும் போனேன். அணை இருக்கிறது, நீர்த்தேக்கம் இல்லை. மேலிருந்து வந்த வண்டல் ரொம்பி மேடாகிவிட்டது, அதில் சவுக்கு மாதிரிப் புதர்கள். தண்ணீரை மட்டும் கணக்குப் போட்டுக் கட்டி, மண்ணை மறந்துவிட்டார்கள்.

அணைக்கு மேலே பாறையில் ஒரு பாறுக் கழுகு உட்கார்ந்திருந்தது. மஞ்சள் முகம், அழுக்கு வெள்ளை இறகு, காலில் ஆராய்ச்சியாளர்கள் மாட்டிய வளையம். இங்கே கிர்ரே என்கிறார்கள். திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைக்கு வந்து பிரசாதம் சாப்பிட்டுப்போன அதே இனம். அங்கே வரத்து நின்று வருஷங்களாகிவிட்டன. இங்கே அழியும் நிலைக்கு வந்து, காப்பாற்றி எடுத்திருக்கிறார்கள். எழுந்து பறக்கும்வரை நகரவில்லை. அழுகை வந்தது, துடைக்கவும் இல்லை.

பிப்ரவரி 17, சனி

அண்ணன் போன் செய்தார்.

"பாப்பா, நீ ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. அட்வான்ஸ் வாங்கியாச்சு."

வரத்துக்கால் நம் வயல் நடுவே போகிறதே அண்ணே, வாங்குகிறவர் மண் அடித்து மேடாக்கிவிட்டால் கண்மாய்க்குத் தண்ணீர் எப்படிப் போகும் என்றேன். கண்மாயில் தண்ணீர் வந்து எத்தனை வருஷம் ஆகிறது என்று திருப்பிக் கேட்டார். அது உண்மைதான். ஆனால் வராத வருஷத்துக்காகவா வாய்க்கால் வெட்டினார்கள்? வரும் ஒரு வருஷத்துக்காகத்தானே. பத்து வருஷத்தில் ஒரு முறை வந்தாலும் அதற்கு வழி இருக்க வேண்டும். இங்கே வருஷத்துக்கு ஒரு மழை வருமா என்றே தெரியாமல் வரப்பு போட்டுக் காத்திருந்தார்கள். கீழே ஆண்டவன் மாமா வயல் இருக்கிறது, அத்தை வீட்டு வயல் இருக்கிறது. அவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டோமா?

அண்ணனுக்குக் கடன் இருக்கிறது. அதையும் நினைக்கிறேன், நினைக்காமல் இல்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு. லா பரேத்

நீளமான நாள். பாஹராவை விட்டால் நடுவில் தண்ணீருக்கு வழியே இல்லை. ஐந்து லிட்டர் எடுத்தேன், வந்து சேரும்போது ஒரு மடக்கு மிச்சம். ஆடுகள் மட்டும் எங்கிருந்தோ மணியடித்தபடி வந்தன. அவை எதைத் தின்கின்றன என்று உற்றுப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பழைய காலத்தில் இங்கே தீவைக் குறுக்காகப் பிரித்து ஒரு சுவர் இருந்ததாம். வடக்கே மஹொராத்தா, தெற்கே ஹந்தியா, இரண்டு அரசுகள். கடை அம்மா பாட்டிலை நிரப்பிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

பிப்ரவரி 19, திங்கள்

மணல், மணல், மணல். முழங்கால் வலி.

பிப்ரவரி 20, செவ்வாய். மோர்ரோ ஹாப்லே

பத்திரத்தில் வரத்துக்காலை விட்டுவைக்க வேண்டும் என்று ஒரு ஷரத்து சேர்த்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்று அண்ணனுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். பார்த்துவிட்டார், இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கிறது. அங்கே இப்போது நடுராத்திரி இருக்கும்.

நாளை ஹந்தியா முனை. திரும்பி வர பெரிய சக்கரம் வைத்த பேருந்து ஒன்று மண்சாலையில் ஓடுகிறது, அதன் நேரத்தைக் காலையில் நிறுத்தத்தில் பார்க்க வேண்டும். காற்று இன்னும் கூடும் என்கிறார்கள்.