கரைக்கோடு வரையும் முன் மாதத்தைப் பாருங்கள்

கடலரிப்பு ஆய்வில் இறங்குபவர்கள் பலரும் முதல் நாளே செயற்கைக்கோள் படத்தை இறக்கிக் கடலும் நிலமும் சேரும் கரைக்கோட்டை வரைய உட்கார்ந்துவிடுகிறார்கள். வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

நாகப்பட்டினம் கரையில் வடகிழக்குப் பருவமழையின்போது அலை மணலை வாரிக்கொண்டு போகும்; கோடையில் மண் திரும்ப ஏறும். ஓர் ஆண்டின் ஏப்ரல் படத்தை இன்னோர் ஆண்டின் டிசம்பர் படத்தோடு ஒப்பிட்டால் பருவத்தின் வேலையையும் அரிப்பென்றே எழுதிவிடுவீர்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மேகமும் குறைவு. எல்லா ஆண்டுக்கும் ஒரே மாதத்தை எடுங்கள். 2003 மே கடைசிக்குப் பிந்தைய லேண்ட்சாட் 7 செயற்கைக்கோள் படங்களில் பட்டை பட்டையாகத் தரவு விட்டுப்போயிருக்கும். சுனாமிக்கு முன்னும் பின்னும் ஒப்பிட நினைப்பவர்கள் லேண்ட்சாட் 5 கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

அடுத்து ஓதம், அதாவது கடல்நீர் ஏறி வற்றுவது. நாகையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தானே என்று விட்டுவிட முடியாது. கரைச்சரிவு 20-க்கு 1 என்றால் அரை மீட்டர் ஓதம் நீர்க்கோட்டை 10 மீட்டர் தள்ளும்; சேற்றுப்பாங்கான இடத்தில் 200-க்கு 1 என்றால் 100 மீட்டர். அங்கே செடிகொடி தொடங்கும் எல்லையே நம்பகமானது.

பிழைக் கணக்கைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பழைய கோட்டை லேண்ட்சாட் படத்திலும், பத்தாண்டு கழித்து வந்த கோட்டை சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்திலும் வரைகிறீர்கள் என்று வையுங்கள். லேண்ட்சாட் பிக்சல் 30 மீட்டர், சென்டினல்-2 பிக்சல் 10 மீட்டர். பாதிப் பிக்சல் பிழை என்றால் 15, 5. வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 15.8 மீட்டர்; பத்தாண்டால் வகுத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 1.6. இதில் ஓதப் பிழை இன்னும் சேரவில்லை. 'ஆண்டுக்கு 1.2 மீட்டர் அரிப்பு' என்று நீங்கள் முடிவு எழுதினால் அது இந்தப் பிழைக்குள்ளேயே அமுங்கிவிடும். தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) உள்ள ஊரில் மொத்தச் சராசரி எடுப்பது இன்னும் மோசம்: தெற்கில் மண் சேரும், வடக்கில் அரிக்கும், கூட்டினால் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும்.

தரையின் உயரம் அளக்கும்போது ஜி.பி.எஸ். கருவி மைனஸ் 90 மீட்டர் வாக்கில் காட்டினால் பயப்பட வேண்டாம். அது பூமிக்குப் பதிலாகக் கணக்குக்கு வைத்துக்கொள்ளும் நீள்வட்டக் கோளத்திலிருந்து அளந்தது, கடல்மட்டத்திலிருந்து அல்ல. அதைக் கடல்மட்ட உயரமாக மாற்றும் ஜியாய்டு திருத்தம் போட்ட பிறகே வெள்ள வரைபடத்துக்குள் கொண்டுவாருங்கள். விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளந்த எஸ்.ஆர்.டி.எம். உயரத்தரவோ சவுக்குத்தோப்பின் தலையையும் சேர்த்தே அளக்கிறது. தோப்புக்குள் தண்ணீர் வராது என்று கணினி வெள்ள மாதிரி காட்டினால் சந்தேகப்படுங்கள்.

களத்துக்குப் போக நல்ல நேரம் மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்; விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். முதலில் ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பாருங்கள். 'எவ்வளவு நஷ்டம்?' என்று தொடங்கினால் நிவாரணக் கணக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். 'சுனாமிக்கு முன்னாடி படகை எங்கண்ணே ஏத்துவீங்க?' என்று கேளுங்கள். கை நீட்டும் இடத்துக்குக் கூடவே நடந்துபோய் ஜி.பி.எஸ். புள்ளி எடுங்கள். 2018 நவம்பர் 16 கஜா புயலில் தண்ணீர் நின்ற தடத்தைச் சுவரில் காட்டினால், டேப்பைத் தரையில் வைக்கும் முன் அந்தத் தரையை அதற்குப் பிறகு மண் கொட்டி மேடாக்கினார்களா என்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.