மேசையும் வெளிக்களமும்

எங்கள் பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு மாணவியிடம் நான் சொன்னது இதுதான்: "முதலில் உள்ளே போங்கள் பிள்ளை. மற்றதை வேலை நிரந்தரமான பிறகு கேட்கலாம்." மாதங்கள் பல போய்விட்டன. மனம் இன்னும் அந்தப் பேச்சையே சுற்றுகிறது.

அவளையும் அதே ஆண்டில் எங்களிடம் பட்டம் பெற்ற ஒரு பையனையும் மட்டக்களப்பிலுள்ள ஒரு நிதி நிறுவனம் எடுத்தது. அவளுக்கு இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. அவனுக்குச் சாதாரணச் சித்தி. அடிப்படைச் சம்பளம் ஒன்றுதான். ஆனால் அவன் வெளிக்கள உத்தியோகத்தர், கடன் வாங்கியவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பணம் அறவிடுபவன். எரிபொருள் கொடுப்பனவும் அறவீட்டு ஊக்கத்தொகையும் உண்டு. அவளுக்கு அலுவலக மேசை. "மிஸ், எனக்கும் ஸ்கூட்டி ஓடத் தெரியும். வெளிக்களம் கேட்கட்டுமா?" என்று கையெழுத்திடும் முன் தொலைபேசியில் கேட்டாள். கேட்டால் நியமனமே கைநழுவிவிடும் என்று எனக்குப் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது.

பின்னர் முகாமையாளரிடம் பேசினேன். "பொழுதுபட்ட பிறகு வாகரைப் பக்கம் பெண் பிள்ளையை எப்படி மிஸ் அனுப்புவது?" என்றார். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் இங்கே நுண்கடன் வாங்கியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இருட்டிய பிறகு ஆண்கள் அறவீட்டுக்கு வந்து வாசலில் நிற்பதைப் பற்றி அவர்கள் எவ்வளவு சொல்லி அழுதிருக்கிறார்கள்! அந்த வாசலுக்குப் பகலில் ஒரு பெண் போவதல்லவா பொருத்தம்? இதை அவரிடம் சொன்னேன். சிரித்தார், அவ்வளவுதான்.

நாட்டின் பல்கலைக்கழகங்களில் பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல் பெண்கள். கலைப்பீடங்களில் இன்னும் அதிகம், பொறியியலில் மட்டும் நிலைமை தலைகீழ். எங்கள் பக்கத்துப் பையன்கள் பலர் உயர்தரத்தோடு கட்டாருக்கும் சவூதிக்கும் போய்விடுகிறார்கள். ஆனால் உழைக்கும் வயதுப் பெண்களில் தொழிற்படையில் இருப்பவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்தான். படித்த பெண்கள் அரச நியமனத்துக்குக் காத்திருப்பதைச் சோம்பல் என்பவர்கள்மீது எனக்குக் கோபம் வருகிறது. 2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்கா அருகே வேலையற்ற பட்டதாரிகள் சத்தியாக்கிரகம் இருந்தபோதும் அப்படித்தான் பேசினார்கள். அரச சேவையில் ஒரே தரத்துக்கு ஒரே சம்பளம். தனியார் துறையில் 84 நாள் பிரசவ விடுமுறைச் சம்பளத்தை முதலாளியே சுமக்க வேண்டும். அந்தக் கணக்கு நேர்முகத் தேர்விலேயே தொடங்கிவிடுகிறது. இவ்வளவும் தெரிந்த நான்தான் அவளைக் காத்திருக்க வேண்டாம் என்றேன். கையில் சம்பளம் இல்லாத வீட்டில் வேறென்ன சொல்வது?

சம பெறுமதியுள்ள வேலைக்குச் சம ஊதியம் என்ற சர்வதேசத் தொழில் அமைப்பின் சமவாயத்தை இலங்கை 1993இல் ஏற்றுக்கொண்டது. மேசையின் பெறுமதியையும் வெளிக்களத்தின் பெறுமதியையும் யார் அளந்து பார்த்தார்கள்?

அவள் நிரந்தரமாகிவிட்டாள். வெளிக்களம் கேட்டு எழுதிக் கொடுத்தாள், "பார்க்கலாம்" என்றிருக்கிறார்கள். அவன் அதற்குள் மேற்பார்வையாளர். அந்தப் பதவிக்கு வெளிக்கள அனுபவம் வேண்டும்.

அடுத்த மாதம் அதே நிறுவனம் ஆட்சேர்ப்புக்கு வருகிறது. வெளிக்களப் பணி இருபாலாருக்கும் என்று விளம்பரத்தில் போட்டால்தான் எங்கள் பட்டதாரிகளின் பெயர்ப்பட்டியல் தருவேன் என்று கடிதம் எழுதிவிட்டேன். இன்னும் அனுப்பவில்லை. அனுப்பினால் இந்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு அந்த மேசையும் கிடைக்காமல் போகலாம்.